நாயின் மூக்கு ஏன் ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கிறது? மோப்பத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஜனவரி 6, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: “நாயின் மூக்கு எப்போதும் ஈரமாக இருப்பதால் காற்றில் வரும் வாசனை அதில் ஒட்டிக்கொள்கிறது என்றும், அதனால்தான் நாய்க்கு மோப்ப சக்தி அதிகம் என்றும் படித்தேன். மூக்கு காய்ந்து சூடாக இருந்தால் நாய்க்குக் காய்ச்சல் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மையா?”

ஜனவரி 6, இரவு

முதல் கூற்றில் பாதிதான் உண்மை. இரண்டாவதை நம்பி ஒரு நாயின் உடல்நிலையை முடிவு செய்யக் கூடாது.

ஈரம், குளிர்ச்சி, மோப்பம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தென்படுவதால் மூன்றையும் ஒரே காரணத்தில் கட்டிவிடுகிறோம். நாம் தொட்டுப் பார்க்கும் அந்தக் கருப்பு நுனி வேறு, மோப்பம் பிடிக்கும் உறுப்பு வேறு. நுனியில் இருப்பது முடி இல்லாத, சிறு சிறு மேடுகளாகப் பிரிந்த தடித்த தோல். வாசனையை உணரும் நரம்பணுக்கள் அங்கே கிடையாது. அவை மூக்கின் பின்பகுதியில், கண்களை ஒட்டிய ஆழத்தில், மெல்லிய எலும்புச் சுருள்களைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தில் இருக்கின்றன. வாசனை அங்கே போய்ச் சேர்ந்தால்தான் மோப்பம். நுனியிலேயே ஒட்டி நின்றுவிட்டால் நாய்க்கு அதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை.

ஜனவரி 7

அப்படியானால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? நுனித் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூக்கின் உள்ளே பக்கவாட்டில் ஒரு சுரப்பி இருக்கிறது. நீர்த்த திரவத்தைச் சுரந்து, மூக்குத் துளையின் வாயில் அருகே கொண்டுவந்து விடும் நீண்ட குழாய் அதற்கு உண்டு. கண்ணீரின் ஒரு பகுதியும் கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாய் வழியாக வந்து சேர்கிறது. இவை போதாதென்று நாய் தன் நாக்கால் அடிக்கடி மூக்கை நக்கிக்கொள்கிறது.

அந்தச் சுரப்பியைப் பற்றி 1972ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. குளிர்ந்த சூழலில் அது ஏறக்குறைய ஒன்றுமே சுரக்காமல் இருந்தது. காற்றின் வெப்பம் ஏற ஏற அதன் சுரப்பும் ஏறியது. வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்றை இழுத்து வாய் வழியாக வெளியே விடுகிறது. உள்ளே போகும் காற்று ஈரமான பரப்புகளைத் தழுவிச் செல்லும்போது நீர் ஆவியாகி இரத்தம் குளிர்கிறது. அப்படி ஆவியாவதற்கு வேண்டிய நீரில் கணிசமான பங்கை இந்தச் சுரப்பி தருகிறது. மனிதன் உடம்பு முழுவதும் வியர்த்துச் செய்யும் வேலையை, பாதத்தின் அடியில் மட்டும் வியர்க்கும் நாய் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் செய்து முடிக்கிறது. ஆக, அந்த நீரின் முதன்மையான பணி உடம்பைக் குளிர்விப்பது. மோப்பத்துக்கு அது உதவுவது அடுத்த நிலையில்தான்.

ஜனவரி 7, பின்னிரவு

நக்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு நாய் வாசலில் படுத்திருக்கும்போது நான் அதன் எதிரே அமர்ந்து பார்ப்பது வழக்கம். காற்று திசை மாறியதும் முதலில் மூக்குத் துளைகளின் ஓரம் லேசாக அசையும். பிறகு நாக்கு வெளியே வந்து மூக்கின் மேல் விளிம்புவரை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போகும். மேடுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் நீர் தேங்கிப் பளபளக்கும். சற்று நேரத்தில் மேடுகள் மங்கி, பள்ளங்களில் மட்டும் பளபளப்பு எஞ்சும். அதற்குள் நாக்கு மறுபடியும் வந்துவிடும்.

மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில், இரண்டு சிறு துளைகள் உள்ளன. அவை ஜேக்கப்சன் உறுப்பு எனப்படும் இரண்டாவது வேதியுணர் உறுப்புக்கு வழிவிடுகின்றன. இணை தேடுதல் போன்றவற்றுக்கான உடல்சார்ந்த வேதிக்குறிகளை அந்த உறுப்பு கவனிக்கிறது. மூக்கில் படிந்ததை நாக்கு வாய்க்குள் கொண்டுவரும்போது அதில் ஒரு பங்கு அந்தத் துளைகளை எட்டக்கூடும் என்பது பரவலான கருத்து. கேள்வி கேட்டவர் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது என்று நான் சொன்னது இதை மனத்தில் வைத்துத்தான். ஆனால் காற்றில் வரும் சாதாரண வாசனைகளை அறிவதற்கு நாய் இந்தச் சுற்றுவழியை நம்பி இருப்பதில்லை.

ஜனவரி 9

இனி குளிர்ச்சி. இதுதான் இந்தக் கேள்வியின் சுவையான பகுதி.

நாயின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது நம்மைவிடக் கூடுதல். அப்படிப்பட்ட உடம்பின் நுனியில் இருக்கும் ஒரு தோல்பரப்பு வெப்பமான நாளில் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் க்ரோகரும் அவருடன் பணியாற்றியவரும் 2017இல் வெளியிட்ட அளவீட்டின்படி, காற்று 30 டிகிரியாக இருக்கும்போது விழிப்புடன் உள்ள நாயின் மூக்கு நுனி அதைவிட ஏறத்தாழ 5 டிகிரி குறைவாக இருக்கிறது. ஈரம் ஆவியாவதே இதற்குக் காரணம் என்பது எளிதில் புரிகிறது. காரணம் தெரிந்துவிட்டதால் நோக்கமும் தெரிந்துவிட்டது என்று ஆகாது.

உடம்பைக் குளிர்விக்கவா? அந்த நுனியின் பரப்பு ஒரு பெரிய நாயின் உடல் வெப்பத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. குளிர்விக்கும் வேலை நேற்று முன்தினம் எழுதியபடி மூக்கின் உள்ளேயும் வாயிலும் நாக்கிலும் நடக்கிறது. மோப்பத்துக்கா? உணரும் அணுக்களே அங்கே இல்லை. தொடு உணர்வுக்கா? குளிரில் நம் விரல்கள் மரத்துப்போவதைப் போல, குளிர்ந்த தோல் பொதுவாகத் தொடுவதை மந்தமாகத்தான் உணரும். எந்தப் பக்கம் பார்த்தாலும் குளிர்ச்சி ஒரு இடையூறாகவே தெரிகிறது. ஆனாலும் விழித்திருக்கும் நேரம் முழுவதும் நாய் விடாமல் நக்கி அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது.

ஜனவரி 10

நேற்றைய கேள்விக்கு 2020இல் ஒரு விடை முன்வைக்கப்பட்டது. லுண்ட் குழுவும் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள யோட்வோஸ் லோரான்ட் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, தொலைவில் இருக்கும் பொருளிலிருந்து வரும் மெல்லிய வெப்பக்கதிரை நாயால் உணர முடிகிறதா என்று சோதித்தார்கள். மூன்று நாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு பொருள்களில் ஒன்று அறையின் வெப்பநிலையிலும் மற்றது அதைவிடப் பத்து டிகிரிக்குச் சற்று மேல் கூடுதலாகவும், அதாவது முடியுள்ள ஒரு சிறு விலங்கின் மேற்பரப்பு அளவுக்கு, இருந்தது. தூரம் 1.6 மீட்டர். மனிதன் கையை நீட்டினால் அந்தத் தூரத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. மூன்று நாய்களும் வெப்பமானதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தன. பிறகு வேறு 13 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, மூக்கின் முன்னே வெப்பமான பரப்பைத் திறந்து காட்டியபோது, மூளையின் இடப்பக்கத்தில் உடலுணர்வுப் பகுதி ஒன்று அதற்கு எதிர்வினை காட்டியது.

குளிர்ந்த நுனிக்கு இதில் என்ன பங்கு என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். 38 டிகிரியில் இருக்கும் ஒரு பரப்பு, 31 டிகிரியில் உள்ள பொருளை நோக்கி இருந்தால், வாங்குவதைவிட அதிக வெப்பத்தை வெளியே கொடுத்துக்கொண்டிருக்கும். அதே பரப்பு 25 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் கணக்கு மாறிவிடும். எதிரே உள்ள பொருளிலிருந்து நிகரமாக வெப்பம் வந்து சேரும். அந்தச் சிறிய ஏற்றத்தை உணரும் நரம்புமுனைகள் அங்கே இருந்தால் போதும். இருட்டில் புல்லுக்குள் அசையாமல் பதுங்கியிருக்கும் இரையைக் கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் கண்டுபிடிக்க இது உதவியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இப்படி வெப்பத்தைக் கொண்டு இரை தேடும் விலங்குகள் உலகில் வேறும் உண்டு. குழிவிரியன் பாம்புகளின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழி அதற்காகவே அமைந்தது. இரத்தம் குடிக்கும் வௌவாலின் மூக்கைச் சுற்றியுள்ள குழிகளும் அப்படித்தான், அவையும் முகத்தின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்தவை.

ஜனவரி 10, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு எச்சரிக்கையைச் சேர்க்காமல் விட மனம் வரவில்லை. பயிற்சி பெற்ற மூன்று நாய்கள் என்பது சிறிய எண்ணிக்கை. நாய்க்கு அந்த ஆற்றல் உண்டு என்பதை அந்தச் சோதனை காட்டுகிறது. அதற்காகவேதான் மூக்கு குளிர்ந்திருக்கிறது என்பது அதிலிருந்து எடுக்கப்படும் ஒரு நல்ல ஊகம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மறந்துவிட்டு, “நாயின் மூக்கு ஒரு வெப்பக் கேமரா” என்று சுற்றுக்கு விடப்படும் செய்திகளை நான் விரும்புவதில்லை.

ஜனவரி 12

காய்ந்த மூக்கு நோயின் அடையாளமா என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள்.

தூங்கி எழுந்த நாயின் மூக்கைத் தொட்டுப் பாருங்கள்: காய்ந்தும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். தூக்கத்தில் அது நக்குவதில்லை. எழுந்து சிறிது நேரம் நடமாடி நக்கிக்கொண்டதும் பழைய ஈரமும் குளிர்ச்சியும் திரும்பிவிடும். வெயிலில் படுத்திருந்தாலும், வயதானாலும் காய்ந்திருக்கலாம். மறுபுறம், எங்கள் நாய்க்கு ஒருமுறை கடும் காய்ச்சல் வந்தபோது அதன் மூக்கு எப்போதும் போல் ஈரமாகவே இருந்தது. அது உணவைத் திரும்பிப் பார்க்காமல் சுவரோரம் போய்ப் படுத்ததுதான் எங்களை மருத்துவரிடம் கொண்டுபோகச் செய்தது. காய்ச்சலை அறிய வெப்பமானியைத் தவிர வேறு வழியில்லை; அதையும் மலவாயில் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

ஆனால் சில மாற்றங்களை அலட்சியப்படுத்தக் கூடாது. நுனி தடித்து மேலோடு கட்டுவது, வெடித்து இரத்தம் கசிவது, கருநிறம் போய்ப் புண்ணாவது, ஒரு துளையிலிருந்து மட்டும் சளியோ இரத்தமோ வருவது ஆகியவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயில் மூக்கும் பாதத்தின் அடிப்பகுதியும் தடித்துக் கெட்டியாவது உண்டு. மூக்கின் ஒரு பாதி மட்டும் காய்ந்து, அதே பக்கத்துக் கண்ணும் வறண்டிருந்தால், சுரப்பிகளை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஜனவரி 15

மோப்பத்தைப் பற்றி இனியும் தள்ளிப்போட முடியாது. நாயின் திறமையை விளக்க எல்லாரும் உணர்வணுக்களின் எண்ணிக்கையை எடுத்துச் சொல்கிறார்கள். என் கவனம் முதலில் காற்றின் மேல் போகிறது. நாய் காற்றைக் கையாளும் விதத்தில்தான் பாதி ரகசியம் இருக்கிறது.

நாம் மூச்சு இழுக்கும்போது வாசனையும் சுவாசமும் ஒரே பாதையில் போய், அதே பாதையில் திரும்பி வருகின்றன. நாயின் மூக்குக்குள் காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி கீழ்ப்பாதை வழியாக நுரையீரலுக்குப் போக, எட்டில் ஒரு பங்கு போல மேற்பாதை வழியாக நேரே பின்னுள்ள சுருள் எலும்பு அறைக்குப் போகிறது. அந்த அறை முக்கியச் சுவாசப் பாதையிலிருந்து ஒதுங்கியிருப்பதால் வெளிமூச்சு அதைத் துடைத்துக்கொண்டு போவதில்லை. அடுத்தடுத்த இழுப்புகளில் வாசனை அங்கே சேர்ந்துகொண்டே இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரென்ட் கிரேவன், எரிக் பேட்டர்சன், கேரி செட்டில்ஸ் ஆகியோர் ஒரு நாயின் மூக்கை எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து கணினியில் மறுபடி உருவாக்கி, காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, 2010இல் வெளியிட்டதிலிருந்து இந்தப் படம் தெளிவாகியது.

வெளியே விடும் காற்றுக்கும் தனி ஏற்பாடு உண்டு. மூக்குத் துளையின் பக்கவாட்டில் காற்புள்ளி வால் போல ஒரு பிளவு இருக்கிறதே, மோப்பம் பிடிக்கும்போது வெளிமூச்சு அதன் வழியாகப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாய்கிறது. அதனால் முன்னே இருக்கும் வாசனை கலைந்துபோவதில்லை. இதை நீங்களே பார்க்கலாம். குளிர்ந்த கண்ணாடித் தகட்டைத் தரையில் வைத்து, அதன் நடுவில் நாய்க்குப் பிடித்தமான ஏதாவது ஒரு துளியைத் தடவிவிடுங்கள். நாய் குனிந்து மோப்பம் பிடிக்கும்போது துளி இருக்கும் இடம் தெளிவாகவே இருக்க, அதன் இருபுறமும் பின்தள்ளி இரண்டு ஆவித்திட்டுகள் படிந்து படிந்து மறையும். ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை நடப்பதால் கண்ணால் எண்ண முடியாது. திட்டுகளின் துடிப்பு மட்டும் தெரியும்.

ஜனவரி 16

நேற்றைய குறிப்புக்கு ஒரு தொடர்ச்சி. இரண்டு துளைகளும் தனித்தனியாக மாதிரி எடுக்கின்றன. ஒவ்வொரு துளையும் காற்றை இழுக்கும் எல்லை இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சிறியதாக இருப்பதால், இடப்பக்க வாசனையும் வலப்பக்க வாசனையும் கலப்பதில்லை. எந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒருவர் எந்தத் திசையில் நடந்து போனார் என்பதைக் காலடித் தடத்திலிருந்து அறிய நாய்க்கு எத்தனை தடங்கள் வேண்டும் என்று பீட்டர் ஹெப்பரும் டெபோரா வெல்ஸும் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். ஐந்து தடங்கள் போதுமாக இருந்தன. முதல் தடத்துக்கும் ஐந்தாவது தடத்துக்கும் இடையே கழிந்தது ஓரிரு நொடிதான். அதற்குள் வாசனையில் ஏற்பட்ட வேறுபாட்டை அந்த நாய்கள் படித்தன. இதைவிட வியப்பான செய்தி எதையும் நான் நாய்களைப் பற்றிப் படித்ததில்லை.

ஜனவரி 18

“நாயின் மோப்பம் மனிதனைவிட இத்தனை ஆயிரம் மடங்கு” என்று ஒரே எண்ணைக் கேட்பவர்களுக்கு: அப்படி ஒரு எண் இல்லை. எந்த வாசனை என்பதைப் பொறுத்து அது மாறும். வாழைப்பழத்தின் மணத்தைத் தரும் அமைல் அசிட்டேட்டை, காற்றில் ஒரு லட்சம் கோடியில் ஒன்று, இரண்டு பங்கு அளவிலேயே நாய்கள் கண்டுகொண்டதை 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உடலிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களுக்கு நாய் மிகக் கூர்மையானது. இரை தேடும் விலங்குக்கு அது இயல்பே. ஆனால் பழங்களிலும் பூக்களிலும் உள்ள சில சேர்மங்களை அளந்து பார்த்தால் மனிதன் பின்தங்கவில்லை. சிலவற்றில் முந்தியும் இருக்கிறான். மனிதனின் மோப்பம் மிகத் தாழ்ந்தது என்ற எண்ணமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோக்கா போன்றோரின் மூளை ஒப்பீடுகளிலிருந்து பரவியது என்று நரம்பியல் ஆய்வாளர் ஜான் மெக்கான் 2017இல் விரிவாக எழுதினார்.

எண்ணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதனுக்குச் சில கோடியைத் தாண்டாத உணர்வணுக்கள் நாய்க்கு இனத்தைப் பொறுத்து இருபது, முப்பது கோடி வரை போகின்றன என்பது வழக்கமாகத் தரப்படும் மதிப்பீடு. வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவற்றில் செயல்படுபவை மனிதனுக்கு ஏறத்தாழ 400, நாய்க்கு ஏறத்தாழ 800. இந்த வேறுபாடு இரண்டு மடங்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் பரப்பும், காற்றோட்டமும், அதில் செலுத்தும் கவனமும் சேர்ந்து தருவது.

ஜனவரி 21

ஈரத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் முதல் நாள் நான் எழுதியதை “ஈரத்துக்கும் மோப்பத்துக்கும் தொடர்பே இல்லை” என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். நுனியின் ஈரம்தான் நேரடித் தொடர்பற்றது. உள்ளே ஆழத்திலுள்ள ஈரம் இல்லாமல் மோப்பமே இல்லை. வாசனை மூலக்கூறு முதலில் சளிப்படலத்தில் கரைந்தால்தான் ஏற்பியைத் தொட முடியும். நீரில் எளிதில் கரைபவை முன்பகுதியிலேயே படிகின்றன, கரையத் தயங்குபவை பின்னே தூரம்வரை போகின்றன. எந்த இடத்தில் எது படிகிறது என்பதும் மூளைக்கு ஒரு தகவலாக அமையலாம்.

வெப்பம் இங்கே இரண்டு வேலைகளையும் மோதவிடுகிறது. இளைக்கும் நாய் வாய் வழியாக விரைந்து மூச்சு விடுவதால் அதனால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடிவதில்லை. வெடிபொருள் கண்டுபிடிக்கும் நாய்களைக் கடுமையாக ஓடவைத்துவிட்டுத் தேட விட்டபோது இளைப்பு கூடக் கூட அவற்றின் திறன் குறைந்ததை 2003இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு காட்டியது. வெயிலில் நாயைத் தேடுதல் வேலையில் ஈடுபடுத்துபவர்கள் நிழலும் நீரும் ஓய்வும் தருவது கருணைக்காக மட்டும் அல்ல. அந்தக் கருவி வேலை செய்வதற்கே அவை தேவை. முகம் தட்டையாக இருக்கும்படி வளர்க்கப்பட்ட இனங்கள் சாதாரண வெப்பத்திலேயே இளைக்கத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. மூச்சு முட்டுவது வெளியே தெரிகிறது. நாய் தன் உலகத்தை அறியும் வழியே அதனுடன் குறுகிப்போவதை யாரும் பேசுவதில்லை.

ஜனவரி 24

கண் தெரியாத வயதான நாயை வைத்திருப்பவர், அது நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு சரியாக நடப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார். வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான நுகர்வுக் குமிழிலிருந்து, மூளையின் பின்புறத்தில் பார்வைக்குரிய பகுதிவரை, நாய்க்கு நரம்பிழைகள் நேரடியாகப் போவதை கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2022இல் எம்.ஆர்.ஐ. வழியாகக் காட்டினார்கள். வாசனையும் இடமும் நாயின் மூளையில் நெருங்கி இணைந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு வலுவான குறிப்பு. மீசை முடிகளும் காதும் பழக்கமும் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. பொருள்களை இடம் மாற்றாதீர்கள். தரையைக் கடும் மணமுள்ள திரவங்களால் ஒரே நாளில் முழுவதும் கழுவிவிடாமல், பகுதி பகுதியாகக் கழுவுங்கள். வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய பட்டையை மாட்டி, வாரை இழுக்காமல், அது நின்று முகரும் இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். படிக்கட்டின் முதல் படியிலும் கடைசிப் படியிலும் வேறுவேறு மணமுள்ள துணித்துண்டுகளை ஒட்டிவைத்தால், நாளடைவில் அவற்றின் வாசனையைக் கொண்டே அது மேலும் கீழும் பிரித்தறியப் பழகக்கூடும்.